எருமைக்காக விழுந்தவனும் காத்து நின்ற நாயும்

தமிழ் வீரர்கள் யார் யார் என்று யாரிடம் கேட்டாலும் கரிகாலன், ராஜராஜன், ராஜேந்திரன் என்று தொடங்கி, கட்டபொம்மன், மருது சகோதரர்கள், வேலுநாச்சியார் என்று வந்து நிற்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவன் கருந்தேவக்கத்தி. இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவுதான். அவன் கோட்டை எதையும் பிடிக்கவில்லை, கடல் தாண்டவில்லை, அவனைப் பற்றி ஒரு பாட்டுகூடக் கிடையாது. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த ஒரு நடுகல்லில், சண்டையில் விழுந்தவன் நினைவாக நட்ட கல்லில், அவன் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான் அவனுடைய வரலாறு.

அந்தக் கல் சொல்வதை இன்றைய தமிழில் சொன்னால் இப்படி வரும்: பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில், வாணகோ அரைசருடைய மருமக்கள் பொற்றொக்கையார், அவருடைய இளமகன் கருந்தேவக்கத்தி, தன் எருமைகளின் பொருட்டு நின்று பட்டான், அவன் கல் இது. இளமகன் என்றால் பெரும்பாலும் ஒருவரை அண்டிப் பணியாற்றிய இளம் வீரன். அதோடு முடிந்திருந்தால் இதைப் போன்ற பல கற்களில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது, அந்த நாய்க்கென்று தனியாக ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் 'காத்திருந்தவாறு' என்று.

இந்தக் 'காத்திருந்தவாறு' என்ற சொல்லில் நான் பலமுறை நின்றுபோயிருக்கிறேன். கடித்துக் கொன்றது என்று இல்லை, கடித்து விரட்டியது என்றும் இல்லை. கடித்துவிட்டு அங்கேயே இருந்திருக்கிறது. எருமைகளைக் காத்ததா, விழுந்து கிடந்தவனைக் காத்ததா, இரண்டையும் சேர்த்துத்தானா என்று அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஊர்க்காரர்கள் காலையில் போய்ப் பார்த்தபோது கண்ட காட்சியையே கல்லில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. நாய்க்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயரும் எழுதப்பட வேண்டியது என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

இது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதே மகேந்திரவர்மன்தான் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைந்து, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதை எடுப்பித்தேன் என்று வடமொழியில் கல்வெட்டு வைத்தவன். அவன் காலத்தில்தான் சாளுக்கியர்களோடு பெரும் போர் மூண்டது. பாடப்புத்தகத்தில் அந்தக் காலம் என்றால் குகைக்கோயிலும் புலிகேசியும்தான். அதே ஆட்சியில், அதே நாட்டில், எருமைத் தொழுவத்துப் பக்கம் விழுந்த ஒருவனுக்குக் கல் எடுத்தவர்கள் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், தங்கள் பேச்சுத் தமிழில் எழுதினார்கள். அரசன் பெயரையே 'மயீந்திர பருமன்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் வாயில் அது அப்படித்தான் வந்திருக்கிறது. வருடக் கணக்குக்கு மட்டும்தான் அந்தக் கல்லில் அரசனுக்கு வேலை. மற்றபடி அது கருந்தேவக்கத்தியின் கல், கோவிவனின் கல்.

நடுகல் என்று நாம் சொல்வது இதைத்தான். வீரக்கல் என்றும் சொல்வார்கள். செங்கம் பகுதியில் மட்டும் கிடைத்தவற்றைத் தொகுத்து 1972-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து, ஒரு நூலே வெளியிட்டது. அப்புறம் தருமபுரி, கிருஷ்ணகிரி என்று தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். வில்லும் குறுவாளுமாக, ஒரு காலை முன்வைத்துப் பாயும் நிலையில் ஆட்கள். கொண்டையை ஒரு பக்கமாக முடிந்திருப்பார்கள். சிலருக்கு மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்திருக்கும். காலருகே ஒரு கெண்டியும் சிமிழும் இருக்கும், செத்தவனுக்குக் குடிக்க வைத்தது. நேரம் எடுத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே மாதிரி நிற்பதுபோலத் தெரிந்தாலும் தலைக்கு மேலே உள்ள எழுத்தில் ஒவ்வொருவரும் வேறு ஆள்.

எவ்வளவு பழையது இந்த வழக்கம்? 2006 வரைக்கும், சங்கப் பாடல்களில் நடுகல் வருகிறதே தவிர அந்தக் காலத்து நடுகல் எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. தமிழ் எழுத்தின் மிகப் பழைய வடிவமான தமிழி, சமண முனிவர்கள் தங்கிய மலைக்குகைகளிலும் பானை ஓடுகளிலும் காசுகளிலும் மோதிரங்களிலும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. ஐங்குறுநூற்றில் 'எழுத்துடை நடுகல்' என்று தெளிவாக ஒரு தொடர் வருகிறது, யானையின் சொரசொரப்பான துதிக்கைக்கு அதை உவமை சொல்கிறார் புலவர். ஆனாலும் அது கவிஞர் சொன்னது, கையில் ஒரு கல் வேண்டாமா? அந்த ஆண்டுதான் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையோரம் இருக்கும் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் உருவம் ஒன்றும் கிடையாது. வெறும் பலகைக் கல், அதில் எழுத்து, அவ்வளவே.

மூன்றில் ஒன்றில் இருப்பது இது: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்.' பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடல் ஊரில் நடந்த ஆகோளில் இறந்ததற்கு எடுத்த கல். ஆ என்றால் பசு, கோள் என்றால் கொள்ளுதல். ஆகோள் என்பது தொல்காப்பியத்தில் வரும் சொல், வெட்சித் திணையில் பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்வதைச் சொல்வது. இலக்கணத்தில் மட்டுமே படித்து வந்த ஒரு சொல், ஒரு மனிதனின் பெயருக்குப் பக்கத்தில், அவன் செத்த காரணமாகக் கல்லில் இருக்கிறது. 2000 ஆண்டுகளுக்கு முந்தைய கல் இது. தமிழில் பெயரோடும் ஊரோடும் செயலோடும் எழுதி வைக்கப்பட்ட மிகப் பழைய வீரர்களைத் தேடினால் அந்த வரிசையின் முன்னால் தீயன் அந்தவன் இருக்கிறான். அவன் அரசன் இல்லை, மாட்டுக்காகப் போனவன்.

மாட்டுக்காக ஏன் சாக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இன்றைக்கு மாடு ஒரு கால்நடை. அன்றைக்குச் செல்வம் என்பதற்கே மாடு என்றுதான் பெயர். 'மாடல்ல மற்றை யவை' என்று வள்ளுவர் சொல்லும்போது செல்வத்தைத்தான் சொல்கிறார். வரைபடத்தை எடுத்து நடுகற்கள் கிடைத்த ஊர்களைப் புள்ளி வைத்தால் இன்னும் தெளிவாகும். செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஆம்பூர் என்று ஜவ்வாது மலையையும் தென்பெண்ணையையும் ஒட்டிய மேட்டு நிலத்தில் கொத்துக் கொத்தாக விழும். காவிரிக் கழிமுகத்தில் தேடினால் அபூர்வம். அங்கே நெல், இங்கே மந்தை. நெல்வயலை ஒரே ராத்திரியில் ஓட்டிக்கொண்டு போக முடியாது, மந்தையை முடியும். அதுவும் இந்த மேட்டு நிலம் பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று நாலு பக்கமும் அதிகாரம் முட்டிக்கொண்ட எல்லைப் பகுதி. எதிரி நாட்டை அடிப்பதற்கு முதல் வழி அந்த நாட்டு மந்தையை ஓட்டிப் போவதுதான். அப்படி ஓட்டிப்போன பெரிய ஆட்களின் சண்டையில், குறுக்கே போய் நின்றவர்கள் இந்தக் கற்களில் இருக்கிறார்கள்.

ஆம்பூரில் ஒரு கல். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 26-ஆவது ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், நுளம்பன் படை ஆமையூர் மேல் வந்து தொறு கொண்டபோது அதை மீட்டுப் பட்டவன் சன்னன் என்கிறது அது. தொறு என்றால் மந்தை. 'தொறுக் கொண்டு பட்டான்', 'தொறு மீட்டுப் பட்டான்' என்ற இரண்டு தொடர்களும் இந்தக் கற்களில் வரும். கவரப் போனவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போனவனுக்கும் கல் உண்டு. இவன் நல்லவன், அவன் திருடன் என்று கல் பிரித்துப் பேசுவதில்லை, அவரவர் ஊர் அவரவருக்கு எடுத்தது. நான் இதை முதலில் படித்தபோது கொஞ்சம் சங்கடப்பட்டேன், ஆகோளில் செத்த அந்தவனை வீரன் என்பதா என்று. பிறகு தோன்றியது, எந்த அரசன் செய்த படையெடுப்பை நாம் அந்தக் கேள்வி கேட்டிருக்கிறோம் என்று. கருந்தேவக்கத்தி தன் எருமையைக் காத்தவன், அந்தவன் பிறர் மாட்டுக்குப் போனவன். இரண்டையும் தெரிந்துகொண்டே இரண்டு பேர் பெயரையும் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

பட்டான் என்ற சொல்லைக் கவனியுங்கள். செத்தான் என்றோ மாண்டான் என்றோ எழுதுவது அபூர்வம். படுதல் என்றால் போரில் விழுதல். இப்போதும் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பட்டவன் கோயில் உண்டு. ஏதோ ஒரு சண்டையிலோ கொலையிலோ அகாலமாய் விழுந்தவனைத்தான் பட்டவன் என்று கும்பிடுகிறார்கள். கல்லில் இருக்கும் வினைச்சொல் அங்கே சாமியின் பெயராகவே ஆகிவிட்டது. விழுந்தவனின் குடும்பத்துக்கு ஊரோ தலைவனோ நிலம் விட்டதும் உண்டு. அதற்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றாலும் ரத்தம்தான். ரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலத்துக்கு அந்தப் பெயரையே மறைக்காமல் வைத்திருக்கிறார்கள்.

சங்கப் பாடல்களை இந்தக் கற்களோடு சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் கனம் தெரிகிறது. புறநானூறு 335-இல் மாங்குடி கிழார், பகைவர் முன் நின்று தடுத்து யானையை எறிந்து வீழ்ந்தவனின் கல்லைக் கும்பிடுவதைத் தவிர, 'நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே' என்கிறார். எங்களுக்கு வேறு சாமியே கிடையாது என்கிறார். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது 232-ஆம் பாட்டு. மலையோடு கூடிய நாட்டையே சேர்த்துக் கொடுத்தாலும் வாங்காதவன், இப்போது நடுகல்லில் மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றினால் வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார். தகடூர் என்ற இன்றைய தருமபுரியை ஆண்டவனுக்கும் அதே பீலி, அதே சின்னக் கலம். தருமபுரிக் கற்களில் காலடியில் செதுக்கிய கெண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுகலம்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் என்னைக் கலங்க வைப்பது 261-ஆம் பாட்டு, ஆவூர் மூலங்கிழார் பாடியது. அவருக்குத் தெரிந்த ஒருவனின் வீட்டுக்குப் போகிறார். எந்நேரமும் கதவு அடையாத பெரிய வீடு, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட முற்றம். இப்போது அது 'வெற்றுயாற்று அம்பி', தண்ணீர் இல்லாத ஆற்றில் கிடக்கும் ஓடம்போல இருக்கிறது. ஆநிரையை மீட்டுக் கொண்டுவந்து விட்டு அவன் நடுகல் ஆகிவிட்டான். அவன் இல்லாத வீடு, தலை மழித்து நகை கழற்றிய கைம்பெண்போலப் பொலிவிழந்து நிற்கிறது என்கிறார். நடுகல்லில் வீரன் மட்டும்தான் இருக்கிறான், அவன் வீடு இல்லை. கல்லை நட்டுப் பீலி சூட்டிக் கள் ஊற்றிவிட்டு ஊர் கலைந்து போன பிறகு, அந்த முற்றத்தில் அடுத்த வேளைக்கு என்ன இருந்தது என்று அந்த ஒரு பாட்டு நம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுகிறது.

இதில் பெண்கள் எங்கே என்ற கேள்வி வராமல் இருக்காது. நேர்மையாகச் சொன்னால், ஆநிரைப் போர் பற்றிய பழைய நடுகற்கள் ஆண்களுக்குத்தான் எடுக்கப்பட்டன. பெண்ணுக்கென்று பின்னாளில் வரும் கற்களில் மிகப் பல, கணவனோடு தீப்பாய்ந்தவளுக்கு எடுத்தவை. வளையல் அணிந்த கை ஒன்று உயர்ந்திருக்கும் கல், கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கல். மாசதிக்கல் என்பார்கள், கொங்கு நாட்டில் வீரமாத்தி என்று கும்பிடுவார்கள், வேறு இடங்களில் தீப்பாய்ந்த அம்மன். அவர்களைக் கும்பிடுகிறவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பெண் எரிந்ததை வீரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் கற்களில் பலவற்றில் அவளுடைய பெயர்கூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் நடுகல்லுக்கும் பெண்ணுக்கும் இன்னொரு உறவு இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. புறநானூறு 306, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. யானைகள் இறங்கிக் கலக்கியதால் குடிக்கத் தண்ணீர் அரிதான ஒரு சிறு ஊர். அங்கே ஒரு பெண் ஓயாமல் நடுகல்லைக் கைதொழுகிறாள். நான் விருந்தினரைப் பெற வேண்டும் என்று வேண்டுகிறாள், அப்புறம் நாடு கிடைக்கும் பெரிய பகை வாய்க்க வேண்டும் என்று வேண்டுகிறாள். தண்ணீர் இல்லாத ஊரில் விருந்து வரட்டும் என்கிறாள். போர் வந்தால் தன் வீட்டு ஆளும் இதே கல் ஆகலாம் என்று தெரிந்தவள்தான் போரையும் கேட்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, ஆனால் தினமும் அந்தக் கல்லுக்குப் போனவள் அவள். நட்ட கல்லைச் சாமியாக வைத்திருந்தவர்கள் அவளைப் போன்றவர்கள். இதை எழுதியதும் ஒரு பெண் புலவர்தான் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

இன்னொன்று, கண்ணகி. அவளைத் தெரியாதவர் இல்லைதான், ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலை சொல்கிறது: கல்லைத் தேடிப் பார்க்கும் காட்சி, அதைக் கொள்ளும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையல் வைக்கும் பெரும்படை, கடைசியாக வாழ்த்து. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தைத் திறந்தால் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று அதே வரிசை. செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டினான் என்று காப்பியம் பெரிதாகச் சொன்னாலும், அடியில் இருக்கும் சடங்கு மேட்டு நிலத்தில் மாட்டுக்காக விழுந்தவனுக்குச் செய்த அதே சடங்குதான். ஆநிரை மீட்ட ஆணுக்கு வைத்திருந்த அந்த மரியாதையை, அரசனிடம் நீதி கேட்ட ஒரு பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார் இளங்கோ. தீப்பாய்ந்ததற்காக அவளுக்குக் கல் இல்லை, வழக்கு உரைத்ததற்காகக் கல். இது சின்ன விஷயம் இல்லை.

மனிதர்களோடு நின்றுவிடவும் இல்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்குக் கல் இருக்கிறது. வட்டெழுத்தில், முகையூர் மேற்சேரியின் கோழி என்று எழுதியிருக்கிறார்கள். இந்தளூரில் இன்னொரு சேவல் கல், அது கீழ்ச்சேரிக் கோழி, அதற்குப் பொற்கொற்றி என்று பெயர் வேறு. மேற்சேரி, கீழ்ச்சேரி என்று ஊர்ப் பகுதிகளின் பெயரில் சேவல்கள் மோதியிருக்கின்றன, ஜெயித்தோ தோற்றோ விழுந்த சேவலை ஒரு தெருவே தன்னுடைய ஆளாக நினைத்துக் கல் வெட்டியிருக்கிறது. குறுந்தொகையில் ஒரு புலவர், விலக்கிவிட ஆளில்லாமல் குப்பைமேட்டில் தனியாகச் சண்டை போடும் கோழிகளைத் தன் துயரத்துக்கு உவமை சொல்லி, குப்பைக் கோழியார் என்றே பெயர் பெற்றார். அந்த மாதிரி சேவல்களைக் கூர்ந்து பார்த்த ஜனங்கள்தான் இவர்கள். கொங்குப் பக்கம் போனால் புலிக்குத்திக் கல். பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலியின் வயிற்றில் ஒருவன் ஈட்டியைச் செருகுவான், பல கற்களில் அவன் காலருகே ஒரு நாய் புலியை நோக்கிக் குரைத்துக்கொண்டிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பன்றி குத்திப்பட்டவர்களின் கற்களும் உண்டு, பயிரை அழிக்க வந்த காட்டுப்பன்றியிடம் விழுந்தவர்கள். பட்டி மாடும் விளைந்த கம்பும் பிழைத்தால்தான் ஊர் பிழைக்கும் என்ற நிலையில், புலியும் பன்றியும் எதிரிப் படைக்குச் சமம்தான்.

இந்தக் கற்களுக்கு இன்று என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். நிறைய கற்கள் பிழைத்தது கும்பிடப்பட்டதால்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகல் வீரனுக்கு வேடியப்பன் என்று பெயர். ஊருக்கு ஊர் வேடியப்பன் கோயில் உண்டு. பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள், மண் குதிரை செய்து வைப்பார்கள், பிள்ளைகளுக்கு வேடியப்பன், வேடி என்று பெயர் வைப்பார்கள். நான் ஒருமுறை செங்கத்தைத் தாண்டி ஒரு ஊரில் புளியமரத்தடியில் அப்படி ஒரு கல்லைப் பார்த்தேன். எண்ணெய் ஊறி ஊறிக் கருத்து, அதன்மேல் சுண்ணாம்பு, அதன்மேல் மஞ்சளும் குங்குமமும். வில்லின் வளைவு மட்டும் லேசாகத் தெரிந்தது. எழுத்து இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, "என்னப்பா தேடற?" என்று கேட்டார். சாமி தலைக்கு மேலே எழுத்து இருக்கும் பாட்டி, அதில் அவர் பெயர் இருக்கும் என்றேன். "பேரு எனக்குத் தெரியாதா, வேடியப்பன்தானே" என்றார். அந்தக் காலத்தில் இங்கே மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அதான் எங்க ஆடு மாட்டுக்கு இவருகிட்டயே வேண்டிக்கிறோம்" என்றார். எழுத்து மறைந்து, பெயர் மறந்து, அவன் எதற்காக விழுந்தானோ அந்த வேலை மட்டும் இன்னும் அவனிடமே இருக்கிறது.

பெயரைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருக்கிறது, மைப்படி எடுப்பது. கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஈரமான தாளை அதன்மேல் ஒட்ட விரித்து, கெட்டியான தூரிகையால் தட்டித் தட்டித் தாள் எழுத்துக் குழிக்குள் போய் உட்காரும்படி செய்வார்கள். பிறகு மையைத் துணிப் பொதியில் தொட்டு மேலே மேலே ஒற்றினால் கல்லின் மேல்பரப்பு கருப்பாகவும் எழுத்துப் பள்ளம் வெள்ளையாகவும் தாளில் வரும். வெறும் கண்ணுக்குக் கீறல்போல இருந்தது எழுத்தாக எழுந்து வருவதைப் பார்ப்பது ஒரு அனுபவம். ஆனால் வழிபாட்டில் இருக்கும் கல்லில் ஊர்க்காரர்கள் சம்மதம் இல்லாமல் கை வைக்கக் கூடாது, வைக்கவும் விட மாட்டார்கள். சுரண்டிப் பார்ப்பது, மாவைத் தடவிப் படம் எடுப்பது போன்றவை வேண்டவே வேண்டாம். பொறுமையாகப் பேசினால் பல ஊர்களில் அவர்களே முன்நின்று கல்லைக் கழுவிக் கொடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். ஏதாவது ஒரு ஊரில் நடுகல் கண்டுபிடித்தார்கள் என்ற செய்தி வந்த மறுநாளே, இவன் எங்கள் சாதி வீரன், எங்கள் வம்சத்து மன்னன் என்று கதைகள் புறப்பட்டுவிடுகின்றன. கல்லில் இருப்பது ஒரு வரி, அதன்மேல் முப்பது பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, கடைசியில் அந்த ஒரு வரி காணாமல் போய்விடுகிறது. கருந்தேவக்கத்தியை மன்னன் ஆக்கினால் அவன் பெரியவன் ஆகிவிட மாட்டான். அவன் ஒருவருடைய இளமகன், எருமை வைத்திருந்தவன், நாய் வளர்த்தவன். நாம் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூடியதையெல்லாம் அவன் ஊர் எழுதி வைத்துவிட்டது.

அகநானூறு 343-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் பாலை வழியில் நிற்கும் ஒரு நடுகல்லைக் காட்டுகிறார். சூட்டிய கண்ணி வாடிப்போயிருக்கிறது, யாரும் நீராட்டிக் கழுவவில்லை. கூர்மையான உளியால் வெட்டிய எழுத்தின் கோடுகள் மாய்ந்து போயிருப்பதால் அந்த வழியே போகிற புதியவர்கள் அதை வேறு பொருளில் படித்துவிட்டுப் போகிறார்கள் என்கிறார். சங்க காலத்திலேயே ஒரு கல் அவ்வளவு பழசாகியிருந்திருக்கிறது. அப்போதும் வழிப்போக்கன் ஒருவன் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.